அவசரமில்லை

ஒன்பது மணி நேரம் பத்து நிமிடமாக, பள்ளிச் சீருடையிலிருந்த அந்தப் பெண் தன் பெயரைத் தவிர எதையும் சொல்லவில்லை. பெயர் மேகலை. ரயில் நிலையத்துக் குழந்தைகள் உதவி மையத்தில் பிலோமினாவுக்கு இது பழகிய மௌனம்தான். வீட்டை விட்டு ஓடி வந்த பிள்ளைகளிடம் எடுத்தவுடன் முகவரி கேட்டால் மறுபடி ஓடிவிடுவார்கள்.

"அவசரமில்லம்மா. தோணும்போது சொல்லு" என்றாள் ஆறாவது முறையாக.

மேகலை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மாலை ஐந்து நாற்பது.

"அட்ரஸ் சொன்னா என்னைத் திருப்பி அனுப்பிடுவீங்களாக்கா?"

"உன்னைக் கேக்காம அனுப்ப மாட்டோம். யாராவது இழுத்துட்டுப் போக வந்தா வாசல்ல நான் நிப்பேன். என் உடம்பைப் பாத்தல்ல? நகர்த்த கிரேன்தான் வரணும்."

மேகலை முதல் தடவையாகச் சிரித்தாள். ஜெயித்துவிட்டோம் என்று பிலோமினா நினைத்தாள். ஒரு மெத்தையை எடுத்து விரித்தாள்.

"இன்னொரு மெத்தை இருக்காக்கா?"

"ஏன், மகாராணிக்கு ஒண்ணு பத்தாதா?"

மேகலை மறுபடி சிரிக்கவில்லை. முகவரியைக் கடகடவென்று ஒப்பித்தாள். பிலோமினா எழுதி முடிப்பதற்குள் அவள் குரல் உடைந்தது.

"அம்மா ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்பிடுவாங்க. அப்பா பெல்ட்ட எடுத்தா நடுவுல போய் நான்தான் நிப்பேன். இன்னைக்கு அவர்கூட என் தங்கச்சி மட்டுந்தான்க்கா இருப்பா."