கத்திக் கட்சியும் குழாய்க் கட்சியும்

"நுரையீரலைச் சுத்திச் சீழ் கட்டியிருக்கு. ஆபரேஷன்தான்" என்றாள் அவள்.

"எதுக்கு? விலாவுக்கு நடுவுல ஒரு குழாயைப் போட்டா வடிஞ்சிட்டுப் போகுது!" என்றார் அவள் கணவர்.

வாசலில் நின்ற நர்ஸுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்காமல்? அவர் அறுவை டாக்டர், அவள் நுரையீரல் டாக்டர். கல்யாணமான நாளிலிருந்து அவர் கத்திக் கட்சி, அவள் குழாய்க் கட்சி. இன்றைக்கு இரண்டு பேரும் கட்சி மாறியிருந்தார்கள்!

அவள் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். "சீழ் அறை அறையாப் பிரிஞ்சு நிக்குது. ஒத்தைக் குழாய் எந்த அறைக்குன்னு போகும்? போன வாரம் டாக்டர்கள் மாநாட்டு மேடையில நீங்க என்னைக் கேட்ட கேள்விதான் இது."

"மேடையில ஆயிரம் பேசுவோம்! குழாய் வழியா மருந்து விட்டா அறையெல்லாம் கரைஞ்சிடும்ல?"

"அது நான் சொன்னது. மண்குதிரையை நம்பி ஆத்துல இறங்காதேன்னு கேலி பண்ணது நீங்க."

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

அவருக்கு இருமல்தான் வந்தது.

"சரி, குழாயே போதும்னு இவங்க எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்க."

"குழாயே போதும், தாயே!"

நர்ஸுகள் கைதட்டினார்கள். அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"நானும் அதைத்தான் முடிவு பண்ணியிருந்தேன். குழாய் காலையிலயே ரெடி. சட்டையைக் கழட்டிட்டு ஒருக்களிச்சுப் படுங்க, நோயாளி சார்!"