சிற்றாறு டப்பாவில் ஒரு நட்டு

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நெல்லையப்பர் சன்னதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யலாம். நடை திறந்திருக்கும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும், அவ்வளவுதான்.

கார் தெருமுனையில் திரும்பியபோது வாத்தியார் கையில் ஒரு நட்டு இருந்தது.

காருக்குள் இருக்க வேண்டிய நட்டு.

ஓட்டிக்கொண்டு போனது அவருடைய அத்தான் நெல்லைநாயகம். பக்கத்தில் அக்கா. அக்கா மடியில் புளியோதரைத் தூக்கு. பாளையங்கோட்டையிலிருந்து குற்றாலத்துக்கு.

வாத்தியார் டாட்டா காட்டினார். ஊரில் எல்லோரும் விரித்த கையால் காட்டுவார்கள். அவர் மூடிய கையால் காட்டினார்.

கார் அத்தானுடையது. நாற்பது வருஷத்து வண்டி. ஓடாமல் கிடந்ததை மூன்று ஆடிக்கு முன்னால் இவர்தான் தள்ளிக்கொண்டு வந்தார். ரெண்டே மாசத்தில் பிரித்து மாட்டித் தருவதாக வாக்கு. ரிட்டயர்டு பூகோள வாத்தியார். மெக்கானிக் வேலையைப் புத்தகத்தில் படித்தவர்.

அத்தான் அவசரப்படுத்தவில்லை. கண்ணில் அழுத்தம், பார்வை ஓரத்திலிருந்து மங்கிக்கொண்டே வருகிறது என்று டாக்டர் சொன்னதை மட்டும் சொன்னார். அருவி தெரிகிறபோதே சொந்தக் காரில் ஒரு தடவை போய்விட வேண்டும் என்றார்.

அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எஞ்சினைப் பிரித்தபோது உருப்படிகளின் பெயர் தெரியவில்லை. பிஸ்கட் டப்பாக்களில் போட்டுத் தெரிந்த பெயர்களை எழுதி ஒட்டினார். பாலாறு. பெண்ணையாறு. வைகை. தாமிரபரணி. பொடிச் சாமான்களுக்குச் சிற்றாறு.

மாட்டும்போது எந்த ஆறு எங்கே ஓடியது என்பதில் கொஞ்சம் குழப்பம்.

மாட்டிவிட்டேன் என்றார்.

அத்தான் சாவியைத் திருகிய நேரத்தில் சிற்றாறு காலில் இடறியது. உள்ளே ஒன்று உருண்டது. எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். நிறுத்துங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தார்.

அத்தான் ஹாரன் அடித்தார். கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு முகம் வராது.

திறந்த வாயை மூடிக்கொண்டார்.

மனைவி செண்பகவல்லி பார்த்துவிட்டாள். "ஒத்த நட்டுதான? சும்மா கெடங்க. இத்தனை மாட்டியிருக்கியளே, அதெல்லாம் பிடிச்சுக்கிடாதா?"

அது பிரேக்குடைய நட்டாக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டார். வேண்டுதலில் ஸ்டியரிங்கை விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. அதற்குத் தனியாக வேண்டிக்கொண்டார்.

கார் ஆலங்குளம் தாண்டியிருக்கும் நேரம், கை வலித்தது. நட்டை வேட்டி மடிப்பில் செருகினார். வேட்டி இறங்கியது.

தக்காளி வண்டிக்காரியின் தராசில் வைத்துப் பார்த்தார். கால் கிலோ.

பாவூர்சத்திரம் நேரத்துக்கு மறுபடி வைத்தார். முக்கால் கிலோ.

இதையே எடைக்கல்லாக வைத்துக்கொள்ளட்டுமா சார்வாள் என்று அவள் கேட்டாள். தர மறுத்துவிட்டார். வளர்கிற கல்லை வைத்து வியாபாரம் செய்தால் ஜனங்களுக்குத்தான் லாபம், அவளுக்குக் குடும்பம் இருக்கிறது.

தென்காசி நேரத்தில் அதை மேஜைமேல் வைத்தார். மேஜையின் ஒரு கால் தரைக்குள் இரண்டு அங்குலம் இறங்கியது. சந்தேகம் உள்ளவர்கள் போய்ப் பார்க்கலாம். குழியின் மேல் பாய் விரித்திருக்கிறது.

மதியம் போன் அடித்தது. எடுக்கக் கை வரவில்லை. செண்பகவல்லி எடுத்தாள். கேஸ் சிலிண்டர் நாளைக்கு வருமாம்.

அக்கா சின்ன வயதில் அவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தவள். அந்த ஞாபகம் ஏன் இப்போது வர வேண்டும்.

ஐந்தரை மணிக்கு வாசலில் ஹாரன்.

இரண்டு பேர் தலையும் ஈரம். அக்கா மடியில் தூக்கு காலி. அத்தான் கையில் ரம்புட்டான் பழப் பை.

வண்டி பஞ்சு மாதிரிப் போயிற்றாம். ஏற்றத்தில் ஒரு பஸ்ஸை முந்தினாராம். ஐந்தருவியில் குளித்துவிட்டு, எதிரே நின்று கிளைகளை எண்ணிப் பார்த்தாராம். ஒன்று, இரண்டு என்று விரல் நீட்டி. நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவை எண்ணினாராம்.

ஐந்தும் இருந்ததாம்.

பையை நீட்டினார். இவர் இடது கையால் வாங்கினார்.

"என்னவே மாப்ள, நல்ல நாளும் அதுவுமா இடது கையில வாங்குதீரு?"

வலது கையை விரித்தார்.

அத்தான் நட்டை எடுத்தார். அவர் கையில் அது கனக்கவில்லை. கண்ணுக்கு வெகு பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு விரலால் தடவிப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா மிச்சம்?" என்றார்.

சிரித்தார். தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்தக் காரின் எஞ்சின், பாலாறு முதல் தாமிரபரணி வரை பதினேழு பிஸ்கட் டப்பாக்களில், பிரித்தது பிரித்தபடி, அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் அவருடைய கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.