உன்கிட்ட இருக்குன்னுதான் அழிச்சேன்

மாலை வெயில் மேசையின் பாதி வரை வந்து நிற்கிறது. தம்பி புதுக் கணினியின் உறையைப் பிரித்துக்கொண்டே பேசுகிறான். பழையதை முழுக்க அழித்து நேற்று நண்பனுக்குக் கொடுத்துவிட்டானாம். அக்காவும் அவனும் சேர்ந்து எழுதும் மென்பொருளுக்கு, எழுதியதைச் சேமித்து வைக்கும் பொதுக் கிடங்கு எதுவும் கிடையாது. அவன் எழுதுவது நேராக அக்காவின் கணினிக்கு வரும், அவள் எழுதுவது அவனுடையதற்குப் போகும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தவளே அவள்தான். “மூணு மாசமா மாங்கு மாங்குன்னு எழுதியிருக்கேன். நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னியா? கல்நெஞ்சுக்காரி!” என்று சிரிக்கிறான். நெகிழித்தாள் விரலில் ஒட்டிக்கொண்டு சரசரக்கிறது, உதறுகிறான், விடவில்லை. அக்கா திரையில் அவன் பெயருக்கு எதிரே இருக்கும் சாம்பல் நிற வட்டத்தைப் பார்க்கிறாள். மூன்று மாதத்துக்கு முன் ஒரு சண்டையில், அவனிடமிருந்து எதுவும் வர வேண்டாம் என்று அவளே அணைத்து வைத்தது. பேச்சு மறுவாரமே ஒட்டிக்கொண்டது. வேறு வேலையில் இறங்கியவள் இதைத் திரும்பத் தொடவே இல்லை. காற்றில் அட்டைப்பெட்டியின் மூடி மெல்ல ஆடுகிறது. “உன்கிட்ட எல்லாம் இருக்கேன்னு தைரியமா அழிச்சிட்டேன். அனுப்புக்கா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்காருகிறான். “இரு, தேடறேன்” என்கிறாள் அவள், எந்த விசையையும் தொடாமல்.