கலாநிதி திருத்திய நேரம்

"ஐந்தரையா? ஐந்தரை எண்டு ஆரு புள்ள உனக்குச் சொன்ன?"

கணினித் திரையில் விரலை ஊன்றியபடி கலாநிதி அலன் கேட்டார். லண்டனில் கலாநிதிப் பட்டம் வாங்கி அங்கேயே தங்கிவிட்ட உள்ளூர்க்காரர்; திரும்பி வந்து ஐந்து நாள்தான். சுனாமி எச்சரிக்கைத் திட்டத்தின் தலைமை ஆலோசகர். மட்டக்களப்பின் சித்திரை வெயிலிலும் கழுத்துப்பட்டியைக் கழற்றாதவர்.

"சேர், அது…" என்று எழுந்தாள், பெட்டிக்கு நிரல் எழுதும் கேதீஸ்வரி.

"இரு. நான் பேசி முடியல்ல."

சுனாமி வந்து பதினாறு மாதம் கழித்து, களுதாவளைக் கடற்கரைக்கு ஒரு சைரன் பெட்டி வரப்போகிறது. அதற்குள் நகத்தளவில் ஒரு சில்லு. சி மொழியில் நிரல் எழுதுகிறவர்களுக்கு எழுத்தைக் காட்ட, கணக்குப் பார்க்க, நேரம் சொல்ல என்று எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக ஒரு நூலகம் உண்டு. பெரிய கணினிகளுக்கென்று கட்டிய மூட்டை அது. இந்தச் சில்லுக்குள் கால்வாசிகூடப் போகாது. கேதீஸ்வரி இரண்டு மாதம் உட்கார்ந்து அதை நெல்லுப்போலத் தூற்றியிருந்தாள். தசமக் கணக்கு வேண்டாம், போ. பிரெஞ்சில் மாதப் பெயர்களா? போ. உலக நாடுகளின் நேர அட்டவணை? அதுவும் போ. அட்டவணை இருந்த இடத்தில் இப்போது ஒரேயோர் எண்: கிரீன்விச் நேரத்துடன் எத்தனை மணித்தியாலம் கூட்ட வேண்டும் என்பது. அங்கேதான் ஐந்தரை என்று போட்டிருந்தாள்.

எதை வைப்பது, எதை நீக்குவது என்று திரையில் முந்நூறு தெரிவுகள் இருந்த பட்டியலில் கலாநிதிக்கு விளங்கியது அது ஒன்றுதான். ஆகவே அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"இலங்கை நேரம் ஆறு. ஐந்தரை படுவான்கரை நேரம். உனக்கு எந்த ஊர்?"

"வவுணதீவுக்கு அங்கால, சேர்."

"அதானே பாத்தன்!"

வாவிக்கு மேற்கே இருந்த அந்தப் படுவான்கரைப் பக்கம், அரசாங்கத்தோடு போரிட்ட இயக்கத்தின் கையில் இருந்தது. பத்து வருடத்துக்கு முன் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னே தள்ளியபோது அங்கே தள்ள மறுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து, காலையில் பாலத்தைத் தாண்டி வேலைக்கு வரும் சனம் அரை மணித்தியாலத்தையும் சேர்த்தே தாண்டும். "பத்து மணிக்கு வாறன்" என்று யாராவது சொன்னால், "பழசா, புதுசா?" என்று கேட்டுக்கொள்வது வழக்கம்.

"அரசாங்கம் திறக்கிற பெட்டிக்குள்ள அவங்கட நேரத்த வெச்சா, ஆமி முகாமில என்னையெல்லோ கூப்பிட்டு விசாரிப்பாங்க? உன்ட நிரந்தர வேலைக்கு நான்தான் கையெழுத்து வைக்கணும். ஞாபகம் இருக்கட்டும்."

"சேர், சனிக்கிழமைக்கு…"

"சனிக்கிழமை திறப்பு விழா. எனக்குத் தெரியும். பெட்டிக்குக் காசு தந்த நாட்டுத் தூதுவர் பத்து மணிக்கு மேடையில இருப்பார். பெட்டி பத்து மணிக்குத் தானாக் கூவணும்."

"அதத்தான் சேர் சொல்ல வாறன். பேப்பரில…"

"உள்ளூர்ப் பேப்பர் நான் வாசிக்கிறல்ல. ஆறு எண்டு மாத்து. மாத்திப்போட்டு பெட்டிய மூடி அரக்கு வை. மறுகா ஒருத்தரும் தொடப்படாது."

கேதீஸ்வரி ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள். "அப்ப அத எழுத்தில தாங்க சேர்."

"தாராளமா!"

'இந்த நேரத்துக்கு முழுப்பொறுப்பும் நானே' என்று எழுதி, தம் பட்டங்கள் ஐந்தையும் வரிசையாகப் போட்டு, கீழே கையெழுத்தும் வைத்தார்.

வருடப்பிறப்புக்கு மறுநாள் சனிக்கிழமை. தம் கைக்கடிகாரத்தில் ஒன்பதரை ஆகும்போதே கலாநிதி ஓட்டோவில் கடற்கரைக்கு வந்துவிட்டார். பந்தல்காரர் சாமித்தம்பி ஆறுதலாகக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார். சின்னத்தங்கம் பொங்கல் பானைக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். வேறு ஆளில்லை.

"எங்க சனம்? பத்துக்கு விழா!"

"வருவாங்க சேர். இன்னும் நேரம் கிடக்கு."

"இந்த நாடு உருப்படாததுக்கு இதுதான் காரணம்!"

தென்னைகள் எல்லாவற்றிலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வாசகம் கலாநிதியுடையது: 'பத்து மணிச் சத்தம் ஒத்திகை. வேறு எந்த நேரத்தில் கேட்டாலும் ஓடவும்.'

அவர் கடிகாரத்தில் சரியாகப் பத்து. பெட்டி கூவியது. துல்லியம்! கலாநிதி கண்ணை மூடி ரசித்தார். திறந்து பார்த்தால், பானை தனியே பொங்கிக்கொண்டிருந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சின்னத்தங்கம் பாதி வளவைக் கடந்துவிட்டாள். பின்னால் சாமித்தம்பி, கையில் எடுத்த கதிரையை வைக்க மறந்தவராக.

"நில்லுங்க! ஒத்திகை! இது ஒத்திகை!"

"ஒத்திகை பத்து மணிக்கு சேர்! கடல் வருது, ஓடுங்க!"

ஊர் முழுவதும் தெருவில் இறங்கியிருந்தது. வழியில் அதைக் கண்ட தூதுவரின் வாகனம், வந்த வேகத்தைவிட வேகமாகத் திரும்பியது.

எதிரே சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தாள் கேதீஸ்வரி. சனத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று விடியவே புறப்பட்டவள். வருடப்பிறப்பு விடுமுறை, பஸ் இல்லை.

"ஓடாதீங்க! அது கடல் இல்லகா, சேர்ட நேரம்!" என்று கத்திக்கொண்டே வந்து, மூச்சு வாங்க அவர் முன் இறங்கினாள்.

"பெட்டிக்குள்ள என்ன புள்ள செய்து வெச்சிருக்காய்?" கலாநிதியின் கழுத்துப்பட்டி முதுகுப் பக்கம் போயிருந்தது. "உன்ட வேல இண்டையோட சரி!"

அவள் மடித்த தாளை எடுத்து விரித்தாள்.

"நீங்க கையெழுத்து வெச்ச ஆறுதான் சேர் உள்ள கிடக்கு. அண்டைக்குச் சொல்ல வந்தத இப்ப சொல்லி முடிக்கட்டா?"

கலாநிதி முதல்முறையாகக் குறுக்கிடவில்லை.

"நேத்து நடுச்சாமம் அரசாங்கம் நாடு முழுக்க மணிக்கூட்ட அரை மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிட்டு. பெட்டி கூவின நேரம் ஊருக்கு மணி ஒன்பதரைதான். இப்ப கொழும்பும் எங்கட படுவான்கரை நேரம்தான், சேர்."