நனையாத இரண்டு பாதங்கள்

ரஷ்யாவின் பேர்ம் நகரத்து பாலே நடனக் கூடத்தில், கால் வழுக்காமலிருக்கப் பயிற்சிக்கு முன் பலகைத் தரையில் பூவாளியால் தண்ணீர் தெளிப்பார்கள். மூன்று வருடத்துக்கு முன் ராயிசா அந்தத் தண்ணீரில் சூரியகாந்தி எண்ணெயைக் கலந்து, நாயகியாக ஆடிய எவெலினா நிற்குமிடத்தில் மட்டும் தெளித்தாள். எவெலினாவின் முழங்கால் நொறுங்கியது. நாயகி வேடம் ராயிசாவுக்கு வந்தது.

"என் எடத்துல நல்லா ஆடுடி. நான் பாத்துக்கிட்டே இருப்பேன்" என்று சொல்லிவிட்டு ஊன்றுகோலோடு வெளியேறிய எவெலினா, போன குளிர்காலத்தில் செத்துப்போனாள்.

அன்றிலிருந்து ராயிசா எவ்வளவு தெளித்தாலும், எவெலினாவின் இடத்தில் இரண்டு பாதங்கள் அளவுக்குத் தரை நனைவதேயில்லை.

"ஏம்மா ராயா, அந்த எடத்து மேல மட்டும் உனக்கு என்ன கோவம்?" என்று ஆசிரியை கிளாவ்தியா தினமும் கேலி செய்வாள்.

இன்று காலை அந்த இடமும் நனைந்துவிட்டது. ராயிசாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இன்னும் ஒசரமா எம்பு, ராயா!" என்று கிளாவ்தியா குரல் கொடுத்தாள்.

பியானோ முழங்க, அவள் என்றுமில்லாத உயரத்துக்கு எம்பினாள். கீழே, அவள் இறங்கவேண்டிய இடத்தில், காய்ந்த பாதத் தடங்கள் இரண்டு அவளை நோக்கித் திரும்பியிருந்தன. அவற்றைச் சுற்றிச் சூரியகாந்தி எண்ணெய் மினுங்கியது.