மூன்றாவது வரிசைப் பையன்

மைதானத்தில் நின்ற நானூறு பேரும் ஒரே பையனாகத் தெரிந்தார்கள்.

ஒரே தொப்பி. ஒரே துப்பாக்கி. ஒட்ட மழித்த ஒரே பிடரி.

அவள் முதல் வரிசையில் இருந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டாவது வரிசை முடிவதற்குள் கண் கரித்தது. விட்டுவிட்டாள். மறுபடி முதலில் இருந்து ஆரம்பித்தாள்.

சாத்தூரில் பஸ் ஏறியது முந்தின நாள் மத்தியானம். மதுரையில் ஒன்று, கோயம்புத்தூரில் ஒன்று, மேட்டுப்பாளையத்தில் ஒன்று என்று மாறி ஏறி, மலை வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்து, விடிவதற்கு முன்பே வந்து ராணுவப் பயிற்சி மையத்தின் வாசல் வரிசையில் நின்றாள். கால் வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றி, பாதத்தை அதன்மேல் வைத்திருந்தாள்.

காளிராஜ் போனில் எல்லாம் சொல்லியிருந்தான்.

"ஆதார் கார்டை மறந்துறாதம்மா. போனை கேட்லயே வாங்கி வச்சுக்கிடுவாங்க. ரெண்டு மணி நேரம் ஒரே இடத்துல உக்காரணும், நடுவுல எந்திரிக்க முடியாது. நான் உன் பக்கம் திரும்பவே மாட்டேன். திரும்பக் கூடாது. வருத்தப்படாத."

ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

வீட்டுக்கு இரண்டு பாஸ் என்றான். இன்னொன்று யாருக்கு என்று கேட்டதற்கு, "பாத்துக்கிடலாம்மா" என்றான். தன் தம்பிக்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள். தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. பக்கத்து நாற்காலி காலியாகத்தான் கிடக்கும் என்று பையை அதில் வைத்திருந்தாள்.

பேண்டு வாத்தியம் தொடங்கிய பிறகு ஓர் ஆள் குனிந்தபடி வந்தார். பாஸில் இருந்த எண்ணையும் நாற்காலியில் ஒட்டியிருந்த எண்ணையும் இரண்டு தடவை பார்த்தார்.

அவள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் உட்கார்ந்தார்.

பன்னிரண்டு வருஷம்.

முடிக்கு மை அடித்திருந்தார். நெற்றி ஓரத்தில் கறை தெரிந்தது. புதுச் சட்டையில் கடை மடிப்பு இன்னும் கலையவில்லை. சட்டைப்பையில் ஒரு தபால் உறை துருத்திக்கொண்டிருந்தது. அதன்மேல் இருந்த கையெழுத்து மகனுடையது. அது மட்டும் பார்த்தவுடன் தெரிந்தது.

காளிராஜ் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது திருப்பூருக்கு வேலைக்குப் போனவர். அங்கே வேறொரு குடும்பம் ஆகிவிட்டது. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடைத்துத்தான் அவள் பிள்ளையை ஆளாக்கினாள்.

இந்த ஆளைக் கண்டால் கேட்க வேண்டும் என்று எவ்வளவோ வைத்திருந்தாள். இப்போது கால்தான் விண்விண்ணென்று தெறித்தது.

"நம்ம பய எங்க நிக்கான்?"

நம்ம.

பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை என்று இவரிடம் எப்படிச் சொல்வது. அவள் கையை நீட்டினாள். மூன்றாவது வரிசை. இடது கோடியில் இருந்து நாலாவது.

அதன்பின் அவர் வேறெங்கும் பார்க்கவில்லை.

வரிசை நகர்ந்தால் அவர் தலையும் நகர்ந்தது. பையன்கள் கொடிக்கு முன்னால் கை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். பெரிய அதிகாரி இந்தியில் பேசினார். எல்லோரும் கைதட்டியபோது அவளும் தட்டினாள். அவர் தட்டவில்லை. அந்த நாலாவது பையனைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். சத்தமில்லாமல், துடைக்காமல்.

சொல்லிவிடலாமா என்று ஒருமுறை தோன்றியது.

கொஞ்ச நேரம் அழட்டும் என்று இருந்துவிட்டாள்.

பரேடு முடிந்தது. கயிற்றை அவிழ்த்ததும் சனம் மைதானத்துக்குள் இறங்கியது. அவர் எல்லோருக்கும் முன்னால் ஓடினார்.

அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

தூரத்தில் அவர் அந்தப் பையனின் தோளை இரண்டு கையாலும் பிடிப்பது தெரிந்தது. பையன் திகைத்தான். அவனுடைய அம்மாவும் அக்காவும் வந்து நின்றார்கள். அவர் கையை எடுத்தார். அவர்களைக் கும்பிட்டார்.

"அம்மா."

பக்கவாட்டில் காளிராஜ் நின்றான்.

குரலை வைத்துத்தான் தெரிந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கறுத்திருந்தான். பந்தலுக்குள் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்த சிப்பாய்களிடம் ஒன்று வாங்கி வந்திருந்தான். மூடியைத் திருகி நீட்டினான். அவள் ஒரு மிடறு குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அவன் முழங்கையைப் பிடித்தாள். எலும்பு தட்டுப்பட்டது.

"வந்தாராம்மா?"

தலையை ஆட்டினாள்.

அதற்குள் அவர் திரும்பி வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. கண் இன்னும் மைதானத்தில்தான் இருந்தது. பாட்டிலோடு நின்ற சிப்பாயை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"தம்பி, காளிராஜ்னு ஒருத்தர். சாத்தூரு. எங்க நிப்பாருன்னு தெரியுமா?"

அவள் வாயைத் திறந்தாள். மகன் வேண்டாம் என்று தலையசைத்தான்.

"உக்காருங்க" என்றான். "வருவாரு."

பாட்டிலை அவரிடம் கொடுத்தான். பிறகு கைகளைப் பின்னால் சேர்த்து, கால்களை அகட்டி, நேராக நின்றான்.

அவர் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து குடித்தார். புதுச் சட்டையில் தண்ணீர் வழிந்தது.

பாதி பாட்டிலில் அவர் கண் அந்த முகத்தில் பட்டது.

அதற்குமேல் குடிக்கவில்லை.