ஒன்று கூடுதல்

ஏரிக்கு வரும் வலசை வாத்துகளை நானும் கணவரும் தனித்தனியாக எண்ணி, பிறகு நோட்டுகளை ஒப்பிடுவோம். பதினேழு வருடமும் அவர் கணக்கில் ஒன்று கூடுதலாகவே இருக்கும்.

“ஒண்ண விட்டுட்டே,” என்பார்.

“உங்களுக்குத்தான் ஒண்ணு ரெண்டா தெரியுது,” என்று நானும் விடமாட்டேன்.

சென்ற கோடையில் அவர் காலமானார். இந்த முறை கொழுந்தனார் துணைக்கு வந்தார். அவர் எண்ணியது இருநூற்றுப் பன்னிரண்டு. நான் மூன்று தடவை எண்ணியும் இருநூற்றுப் பதின்மூன்று.

“ஒண்ணு கூட எண்ணிட்டீங்க, அண்ணி.”

நோட்டில் என் கணக்கையே எழுதிக்கொண்டேன்.

பருவம் முடிந்த காலையில் கூட்டம் ஒரேயடியாக எழும்பி வடக்கே போனது. கொழுந்தனார் பைனாகுலரை உறையில் போட்டார்.

“ஏரி காலியாயிடுச்சு. வாங்க அண்ணி, போகலாம்.”

“நீங்க முன்னாடி போங்க,” என்றேன்.

கரையோரத் தண்ணீரில் ஒரு வாத்து, என் பக்கம் திரும்பியபடி, இன்னும் மிதந்துகொண்டிருந்தது.